மூன்று மீட்டரில் விழுந்த ஓட்டை

ஜூன் மாதம் இரண்டாவது வாரத்தில் குதிரை லாயத்துக்குள் ஒரு கொம்பு விரியன் வந்தது. லாயத்தில் வேலை பார்க்கும் சரவணகுமார் அதை மண்வெட்டியில் அள்ளி வேலிக்கு வெளியே வீசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். பாம்பு அத்தோடு போயிற்று. ஆனால் அதனால் வந்த தலைவலி அந்த வருஷம் முடிகிற வரை நேசையனை விடவில்லை.

ஷார்ஜாவிலிருந்து தைத் போகிற சாலையில், பிரதான ரோட்டை விட்டு மணலுக்குள் இரண்டு கிலோமீட்டர் போனால் ஒரு துப்பாக்கி சுடும் கிளப் வரும். அதன் பின்பக்கம் முதலாளியின் பண்ணை. பதினோரு குதிரைகள், கொஞ்சம் ஆடுகள், பேரீச்சை மரங்கள். முதலாளியின் பெயர் அபு ராஷித்; வேலைக்காரர்கள் எல்லாருக்கும் அவர் அர்பாப். நேசையன் அந்தக் கிளப்பின் டெக்னீஷியன். சுடுகிறவர்கள் வருவார்கள், சுடுவார்கள், படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். துப்பாக்கியைப் பிரித்துத் துடைப்பதும், ஸ்பிரிங் மாற்றுவதும், இலக்கு அட்டை நகர்கிற மோட்டாரைச் சரிபார்ப்பதும் அவர் வேலை.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு எஞ்சின் ரீபோரிங் கடைக்கு லேத் ஆபரேட்டராக வந்தவர். எட்டு வருஷம் லாரி எஞ்சின் சிலிண்டர்களைக் கடைந்தார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினாலும் பிஸ்டன் இறுகிவிடும் என்பதால், எதையும் மூன்று தடவை அளக்காமல் வாயைத் திறக்காத பழக்கம் அந்தக் கடையில் படிந்தது. ஒரு நாள் கிளப்பிலிருந்து களிமண் தட்டுகளை வானில் எறியும் இயந்திரம் ஒன்று பழுதாகி அங்கே வந்தது. இத்தாலியிலிருந்து பாகம் வர இரண்டு மாதமாகும் என்றிருந்தார்கள். நேசையன் ஒரே பகலில் புதுப் பின் ஒன்றைக் கடைந்து போட்டு அதை ஓட வைத்தார். அடுத்த மாதமே அபு ராஷித் அவரைத் தன் விசாவுக்கு மாற்றிக்கொண்டார். அதற்கு முன் அவர் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. பேரலும் ஒரு சிலிண்டர்தானே என்று நினைத்துக்கொண்டுதான் சேர்ந்தார்.

பாம்பு வந்த மறுநாள் அர்பாப் இரண்டு ரிவால்வர்களை மேஜைமேல் வைத்தார். இரண்டுக்கும் அவரிடம் முறையான லைசென்ஸ் உண்டு. ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குகிற தர்ட்டி எய்ட். பேரல் நீளம் இரண்டே அங்குலம். மற்றது சற்றுப் பெரியது. ஃபோர் டென் என்கிற சின்ன வேட்டைத் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். அதன் பேரல் மூன்று அங்குலம். இரண்டிலும் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாக ரவைத் தோட்டா போடலாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். ரவைத் தோட்டா என்றால் உள்ளே ஒரு குண்டு இருக்காது. கடுகு போன்ற ஈய ரவைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சுட்டால் விரிந்து பரவும். பாம்பைக் குறி பார்த்து அடிக்க வேண்டிய அவசியமில்லை என்பது கணக்கு.

"நெஸ்ஸன், எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எத்தனை மீட்டர். நீ பார்த்துச் சொல்," என்றார் அர்பாப். அவர் இந்தியில்தான் பேசுவார். நேசையனும் தனக்குத் தெரிந்த தொழில்பேட்டை இந்தியில் பதில் சொல்வார். "பார்த்துச் சொல்கிறேன் அர்பாப்," என்றார்.

அன்று வீட்டுக்குப் போனபோது நேசையனின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் மனைவி சுபிஷா கவனித்தாள். ஷார்ஜாவின் முவைலாவில் இரண்டு அறை ஃபிளாட். சுபிஷா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவசரப் பிரிவில் பதினான்கு வருஷமாக நிற்கிறவள்.

"என்னத்துக்காக்கும் இவ்வளவு சிரிப்பு?" என்றாள்.

"அர்பாப் என்னயத்தான் பாக்கச் சொன்னாரு. மேனேஜர்கிட்ட சொல்லல்ல. நேரா எனக்கிட்ட."

"பாம்பு வந்தா ரெண்டு எட்டு பின்னால போனா போதாதா? அதுக்கு எதுக்கு வெடி?"

"அத நான் கேக்க முடியுமா? அளந்து சொல்லத்தான் சொல்லியிருக்காரு. அளந்து சொல்லுவேன்."

அளப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று காலை ஐந்தரைக்கே சுடுகிற திடலான ரேஞ்சுக்குப் போவார். ஆனால் துப்பாக்கிப் பெட்டகத்தைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று ரேஞ்ச் ஆபீஸரிடம்; இன்னொன்று மேனேஜர் சீதாராமனிடம். சீதாராமன் எட்டு மணிக்கு முன் வந்ததாக வரலாறு இல்லை. அவர் வந்து, கையெழுத்துப் போட்டு, காபி குடித்து, சாவியைத் தேடி எடுத்துக் கொடுக்கும்போது மணலில் கால் வைக்க முடியாது. தோட்டாவின் வேகத்தை அளக்கும் கருவி நேர் வெயில் பட்டால் தாறுமாறாக எண் காட்டும். அதற்காக நேசையன் வெள்ளைத் துணியில் ஒரு பந்தல் கட்டினார். காற்று அடித்து அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி கட்டினார். கை நடுங்கியதால்தான் இப்படி என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ரிவால்வரைப் பிடித்துக்கொள்ள இரும்பில் ஒரு பிடி செய்து, ரப்பர் வைத்து, தூணில் முடுக்கினார்.

பிறகு ஒரு பாம்பு வேண்டும். உயிருள்ளது அல்ல. பழுப்புக் காகிதத்தில், வளைந்து படுத்திருக்கிற விரியனின் அளவில், அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கறுப்பு மையால் வரைந்தார். அதே போல் நூற்றிருபது பாம்புகள், ஒவ்வொன்றும் ஓர் அட்டையில் ஒட்டி. மகள் ஜெனிஷா பதினொன்றாம் வகுப்பு. அவளும் உட்கார்ந்து முப்பது வரைந்து கொடுத்தாள். "அப்பா, திஸ் ஒன் இஸ் க்யூட்," என்று ஒரு பாம்புக்குக் கண் வைத்தாள். அந்தக் கண்ணைச் சுற்றி எத்தனை ரவை விழுகிறது என்பதுதான் பிறகு அவருக்கு முக்கியமாகிப் போனது.

மூன்று வகைத் தோட்டா எடுத்துக்கொண்டார். தர்ட்டி எய்ட்டுக்கு இரண்டு: ஒன்றில் பொடி ரவை, மற்றதில் தடித்த ரவை. இரண்டும் நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிக்குள் அடைத்தது. மூன்றாவது ஃபோர் டென். ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பிரித்து எண்ணினார். பொடியில் நூற்று முப்பத்து நான்கு. தடித்ததில் முப்பத்து மூன்று. ஃபோர் டென்னில் நூற்று எழுபத்தாறு. ஒரு மீட்டர், இரண்டு, மூன்று, ஐந்து என்று தூரம் குறித்தார். ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு தோட்டாவிலும் பத்து வெடி.

பெட்டியின் மேல் போட்டிருந்த வேகம் விநாடிக்கு முன்னூறு மீட்டர். நேசையனின் கருவி இருநூற்று நாற்பதைத் தாண்டவில்லை. தன் கருவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். பேட்டரி மாற்றிப் பார்த்தார். நீளப் பேரல் உள்ள வேறொரு ரிவால்வரை வைத்துப் பார்த்தார். அதில் எண் ஏறியது. அப்படியானால் கருவி சரி. மருந்து முழுதாக எரிந்து தள்ளுவதற்கு இரண்டு அங்குலம் போதவில்லை.

ஒரு மீட்டரில் எல்லாம் நன்றாக இருந்தது. காகிதப் பாம்பின் தலை கிழிந்து தொங்கியது. இரண்டு மீட்டரில் பொடி ரவை சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவியது. பாம்பின்மேல் இருபதுக்குக் குறையாமல் விழுந்தது. மூன்றில்தான் வினை. பொடி ரவை, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டு அகலத்துக்கு விரிந்தது; பட்ட ரவையும் பின்னால் வைத்த அட்டைப்பெட்டியின் இரண்டாவது அடுக்கைத் தாண்டவில்லை. தடித்த ரவை நான்கு அடுக்கு துளைத்தது. ஆனால் முப்பத்து மூன்று ரவைதானே; ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் ஒரு பாம்பு சாவகாசமாகப் படுத்துக்கொள்ளலாம். ஃபோர் டென் பெரிய சத்தம் போட்டு, பெரிய நெருப்பைக் கக்கி, மூன்று மீட்டரில் வட்டமாக ஒரு வளையம் போட்டது. நடுவில் ஓட்டை. காகிதப் பாம்பு அந்த ஓட்டைக்குள் கண்ணைத் திறந்தபடி கிடந்தது.

தற்செயல் என்று நினைத்தார். பத்தும் சுட்டார். பத்தில் ஏழு அப்படியே.

அதற்கான காரணம் அவருக்குப் பேரலுக்குள் விளக்கடித்துப் பார்த்தபோதே புரிந்தது. குண்டு நேராகப் போக வேண்டும் என்பதற்காக ரிவால்வர் பேரலின் உட்சுவரில் திருகு போல் பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஒற்றைக் குண்டுக்கு அது நல்லது. ரவையையும் அது சுழற்றிவிடுகிறது. நனைந்த குடையைச் சுழற்றினால் தண்ணீர் ஓரத்துக்குத் தெறிப்பது போல, ரவை வெளியே வந்ததும் ஓரத்துக்கு ஓடிவிடுகிறது. அதே ஃபோர் டென் தோட்டாவைப் பள்ளம் வெட்டாத நீளத் துப்பாக்கியில் போட்டுப் பத்து மீட்டரில் சுட்டுப் பார்த்தார். அழகாக நடுவில் விழுந்தது. தோட்டாமேல் குற்றமில்லை.

இன்னும் இரண்டு விஷயம் அவர் நோட்டில் ஏறியது. தர்ட்டி எய்ட்டில் நான்கைந்து வெடி வெடித்தால் அந்த அதிர்ச்சியில் கடைசித் தோட்டாவின் பிளாஸ்டிக் குப்பி முன்னால் நகர்ந்து, சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொண்டது. எண்பதில் மூன்று தடவை. மற்றது, ரேஞ்சின் சிமெண்ட் நடைபாதை ஓரத்தில் அட்டை வைத்துச் சுட்ட ஒரு நாள் நடந்தது. சிமெண்டில் பட்ட ரவை திரும்பி வந்து அவர் ஷூவின் தோலைக் கீறிவிட்டுப் போனது. குனிந்து அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

ஆறு வாரம் ஆயிற்று. ஜெனிஷா உட்கார்ந்து ஆங்கிலத்தில் மூன்று பக்கம் அடித்துக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் முடிவு: இரண்டு மீட்டருக்கு மேல் இந்தக் குட்டைத் துப்பாக்கிகளை நம்ப வேண்டாம். கல் தரையிலும் சிமெண்டிலும் சுடவே கூடாது.

சீதாராமன் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நாற்பது வயது, எம்.பி.ஏ., எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை.

"நேசையன், நீங்க நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா இதை இப்படியே குடுக்க முடியாது."

"ஏன் சார்?"

"இந்தத் தோட்டாவை நாம ஆர்டர் போட்டாச்சு. நம்ம மெம்பர்ஸ்ல பாதிப் பேருக்குப் பண்ணை இருக்கு. அர்பாப் வாங்கினா எல்லாரும் கேப்பாங்க. சப்ளையரோட பேப்பர்ல அஞ்சு மீட்டர்னு இருக்கு. நீங்க ரெண்டுன்னு எழுதினா எப்படி?"

"நான் எழுதல்ல சார். அட்டையில விழுந்ததத்தான் சொல்லுகேன். அட்டை எல்லாம் ஒர்க்‌ஷாப்ல அடுக்கி வச்சிருக்கேன், வந்து பாருங்க."

"அந்தக் கிளாம்ப்ல ஏதாவது கோளாறு இருக்கும். இன்னொரு தடவை பண்ணுங்களேன்."

நேசையன் இன்னொரு தடவை செய்தார். அதுதான் அவர் செய்த தவறு என்று பின்னாளில் அவருக்குத் தோன்றியது. ஆகஸ்ட் வெயிலில் மறுபடி அறுபது வெடி வெடித்து, மறுபடி ரவை எண்ணி, அதே எண்களைக் கொண்டுபோய் நீட்டியது. சீதாராமன் இந்தத் தடவை படிக்கவே இல்லை. "ரைட், நான் பாத்துக்கறேன்," என்றார். இரண்டு நாள் கழித்து கிளப்பின் முத்திரையோடு ஒரே ஒரு பக்கம் வந்தது. ஒரு மீட்டர் அட்டையின் படம் பெரிதாக. கீழே, பயன்படு தூரம் ஐந்து மீட்டர் வரை. பரிசோதித்தது: தொழில்நுட்பப் பிரிவு.

தொழில்நுட்பப் பிரிவு என்றால் நேசையன் ஒருவர்தான்.

அன்று வீட்டில் அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்க பேரு போடல்ல, அது போட்டும். ஆனா அஞ்சுன்னு போட்டிருக்கான். அஞ்சுல ஒரு ரவை கூட சரியா விழல்ல சுபிஷா. பத்து அட்டையில நாலு அட்டை சுத்தமா இருக்கு, புதுசு மாதிரி."

"அப்ப அர்பாப்கிட்ட நேரா போய்ச் சொல்லுங்க."

"மேனேஜரத் தாண்டியா?"

"அவரு ஒங்ககிட்டதானே கேட்டாரு?"

நேசையன் எழுந்து கை கழுவப் போனார். விசா புதுப்பிக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவது சீதாராமன். ஜெனிஷாவுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் பள்ளிக்கூடம் இருக்கிறது. இதையெல்லாம் சுபிஷாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் விருந்து மாதிரி ஏற்பாடு. பண்ணை வைத்திருக்கிற எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அரபுக் காபியான கஹ்வா, பேரீச்சம்பழம், கம்பளம் விரித்த கூடாரம். சீதாராமன் இலக்கை ஒன்றரை மீட்டரில், மெத்தென்ற மணலில் நிறுத்தச் சொன்னார். நேசையன் நிறுத்தினார். ஃபோர் டென் வெடித்தது. காகிதப் பாம்பு இரண்டு துண்டாகி விழுந்தது. எல்லாரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள்.

அர்பாப் திரும்பினார். கூட்டத்தின் ஓரத்தில், கையில் காது மூடியோடு நின்றிருந்த நேசையனைப் பார்த்து, "நெஸ்ஸன், பாஞ்ச் மீட்டர் மே சலேகா?" என்றார். ஐந்து மீட்டரில் வேலை செய்யுமா என்று.

நேசையன் வாயைத் திறப்பதற்குள், "யெஸ் அர்பாப், டெஸ்டட்," என்றார் சீதாராமன். அர்பாப் இன்னும் நேசையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விநாடி. நேசையனின் தலை, ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாதபடி ஒரு மாதிரி அசைந்தது. ஊரில் எல்லாரும் ஆட்டுகிற அதே தலையாட்டல். அர்பாப் சிரித்து, திரும்பிக்கொண்டார்.

அந்தத் தலையாட்டலை அதற்குப் பிறகு நேசையன் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தார். துப்பாக்கி துடைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது. 'நஹீ அர்பாப்' என்று இரண்டே வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

அக்டோபர் மூன்றாவது வாரம். காலை ஒன்பதரை இருக்கும். நேசையன் ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். லாயத்துப் பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தம். ரேஞ்சில் கேட்கிற சத்தம் இல்லை. சுவருக்குள் அடங்கி அதிர்கிற சத்தம். உடனே குதிரைகள் கதவை உதைக்கிற ஓசை. கையில் இருந்த ஸ்பேனரோடு ஓடினார்.

தீவன டிரம் பக்கத்தில் அர்பாப் நின்றிருந்தார். கையில் பெரிய ரிவால்வர் தரையைப் பார்த்துத் தொங்கியது. முகம் வெளிறிக் கிடந்தது. நாலு மீட்டருக்கு அப்பால், சுவர் ஓரமாக, சரவணகுமார் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து இடது காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பேன்ட் துணியில் மூன்று இடத்தில் ரத்தம் பூத்திருந்தது.

"பாம்பு அந்த மூலையில சுருண்டிருந்துச்சுண்ணே," என்றான், மூச்சு வாங்க. "நான் மண்வெட்டி எடுத்துட்டு வந்தேன். அர்பாப் நகரு நகருன்னாரு. நானும் நகந்துட்டேன். நேரா என் பக்கம் சுடலண்ணே. கீழதான் சுட்டாரு."

"பாம்பு?"

"அது டிரெய்னேஜ் ஓட்டைக்குள்ள போயிடுச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகல."

நேசையன் தரையைப் பார்த்தார். சிமெண்டில் வளையமாக வெள்ளைக் கீறல்கள். அதற்கு நடுவில், பாம்பு கிடந்த இடத்தில், தூசி கூடக் கலையவில்லை.

அர்பாப் தன் சொந்தக் காரிலேயே சரவணகுமாரைத் தூக்கி உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நேசையன் பின் சீட்டில் இருந்து துண்டால் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த மருத்துவமனை சுபிஷா வேலை பார்க்கும் இடம். இரண்டு ரவையை டாக்டர் எடுத்தார். மூன்றாவது ஆழத்தில், எலும்பை ஒட்டிக் கிடந்தது; எடுப்பதை விட விட்டுவிடுவதே நல்லது என்றார். துப்பாக்கிக் காயம் என்பதால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். அர்பாப் தானே அழைத்துச் சொன்னார். போலீஸ் வந்ததும், சுட்டது நான், தவறு என்னுடையது என்று வாக்குமூலம் கொடுத்தார். சரவணகுமாரும் தனக்குப் புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தான்.

வராந்தாவில் சுபிஷா வந்து நேசையன் பக்கத்தில் நின்றாள். கையுறையைக் கழற்றினாள். "முட்டுக்கு மேல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்றாள், தணிந்த குரலில். "கண்ணுல பட்டிருந்தா?" பிறகு, "நீங்க எழுதின அந்த மூணு பக்கம் எங்க?" என்று கேட்டாள்.

"வீட்டுல இருக்கு."

"எடுத்துக் குடுங்க. இன்னிக்கே."

மறுநாள் காலையில் அர்பாபின் அறையில் மூன்று பேர். அர்பாப், சீதாராமன், நேசையன். மேஜையில் முத்திரை போட்ட ஒற்றைப் பக்கம் கிடந்தது.

"இதில் ஐந்து மீட்டர் என்று இருக்கிறது," என்றார் அர்பாப். "நான் நாலில் சுட்டேன்."

"சம்டைம்ஸ், ஃபீல்ட் கண்டிஷன்ஸ்..." என்று ஆரம்பித்தார் சீதாராமன்.

நேசையன் மூன்று பக்கத்தையும் மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் தன் நோட்டு. பிறகு ஒர்க்‌ஷாப்பிலிருந்து தூக்கி வந்த அட்டைகளில் ஒன்று. ஃபோர் டென், மூன்று மீட்டர், பத்தில் முதல் வெடி. ஜெனிஷா கண் வரைந்த பாம்பு ஒரு கீறல் இல்லாமல் வளையத்துக்கு நடுவில் இருந்தது. அர்பாப் அட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். மூன்று பக்கத்தையும் படித்தார். கடைசி வரியில் விரல் வைத்தார். சிமெண்டில் சுடக் கூடாது.

"தேதி ஜூலை."

"ஆமாம் அர்பாப்."

"உனக்குத் தெரியும்."

"தெரியும் அர்பாப். மேனேஜரிடம் கொடுத்தேன். அவர்..."

"அன்றைக்குக் கூடாரத்தில் நான் உன்னைத்தான் கேட்டேன்," என்றார் அர்பாப். குரல் உயரவில்லை. "மேனேஜரைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்டேன், நெஸ்ஸன்."

நேசையன் தன் நோட்டை மூடினார். ஆறு வாரம் வெயிலில் நின்றது, நூற்றிருபது பாம்பு, எண்ணி எண்ணிக் கண் பூத்தது எல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் உதவவில்லை. கோபம் வந்தது. சீதாராமன் மேல், அர்பாப் மேல், தன்மேல், யார்மேல் முதலில் என்று பிரிக்க முடியாத கோபம். "தவறுதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

இரண்டு ரிவால்வர்களும் பெட்டகத்துக்குள் போயின. வந்து இறங்கிய தோட்டாப் பெட்டிகள் கிடங்கில் அடுக்கப்பட்டன; யாருக்கும் விற்கக் கூடாது என்று அர்பாப் சொல்லிவிட்டார். சீதாராமன் மேனேஜராகவே இருந்தார். விருந்துக்கு வந்திருந்த எட்டுப் பேருக்கும் அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: எமது தொடர்ந்த பரிசோதனைகளில், இரண்டு மீட்டருக்கு மேல் பரிந்துரைப்பதில்லை என்று கண்டறியப்பட்டுள்ளது. அதைக் கிளப்பின் காபி மெஷின் பக்கத்தில் ஒட்டியும் வைத்தார். நேசையன் காபி எடுக்கும்போதெல்லாம் தன் எண்களைத் தானே படிக்க வேண்டியிருந்தது.

"இப்பயாவது சரியாப் போட்டானே," என்றாள் சுபிஷா.

"சரியாப் போட்டிருக்கான். ஆனா 'தொடர்ந்த'ன்னு போட்டிருக்கான் பாரு. நான் ஒரே தடவையில சொன்னத."

சரவணகுமார் ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்தான். சாய்ந்து சாய்ந்து நடந்தான். நேசையன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து எழுந்து போய் லாயத்து வாசலில் நின்றார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தார். எதிரே வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"தம்பி, எனக்குத் தெரியும். அது சரியா விழாதுன்னு முன்னாடியே தெரியும். அர்பாப் கேட்டப்ப நான் வாயத் தொறக்கல்ல."

சரவணகுமார் குதிரையின் முதுகில் பிரஷ் போடுவதை நிறுத்தவில்லை. "எனக்கும் தெரியும்ணே," என்றான். "நீங்க அட்டை வச்சிச் சுட்டப்ப நான்தானே பொறுக்கிக் கொண்டாந்து குடுத்தேன். நடுவுல ஒண்ணும் இல்லாததை நானும் பாத்தேன். நானும்தான் அர்பாப் நகருன்னதும் நகந்து நின்னேன். பாம்பு தானாப் போயிரும் அர்பாப்னு சொல்லல."

நேசையன் குனிந்து, அவன் எட்ட முடியாமல் இடது பக்கம் விட்டிருந்த தண்ணீர் வாளியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜனவரியில் சீதாராமன் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். வழக்கமாக அவர் அங்கே வருவதில்லை, கிரீஸ் ஒட்டிவிடும். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. புதுக் கம்பெனி, புதுத் தோட்டா. ரவையைச் சுழலவிடாமல் தடுக்க உள்ளே ஏதோ புது மாதிரிக் கோப்பை வைத்திருக்கிறார்களாம். குட்டைப் பேரலுக்கென்றே செய்ததாம்.

"இது நாலு மீட்டர் வரைக்கும் கேரண்டின்றாங்க நேசையன். அர்பாப்கிட்ட சொன்னேன், டெஸ்ட் பண்ணிப் பாருங்கன்னார். இந்த வாரம் ஆரம்பிச்சுடுவீங்களா?"

நேசையன் கையைப் பஞ்சில் துடைத்தார். பெட்டியை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். உண்மையில் அவருக்குள் ஆசை எழுந்தது. அந்தக் கோப்பையைப் பிரித்துப் பார்க்க வேண்டும், எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று. அந்த ஆசையையே அவருக்குப் பிடிக்கவில்லை.

"செய்யலாம் சார்," என்றார். "ரெண்டு காரியம் வேணும். ரிப்போர்ட்டு நான் எழுதுவேன், நான் கையெழுத்துப் போடுவேன். அது நேரா அர்பாப்புக்குப் போவும். நீங்க காப்பி வச்சுக்கிடுங்க. ரெண்டாவது, காலையில அஞ்சரைக்கு எனக்குச் சாவி கெடைக்கணும்."

சீதாராமனின் முகம் மாறியது. "இது என்ன புதுசா? ப்ராசஸ்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ப்ராசஸ் பாத்தாச்சே சார். அந்தப் பையன் கால்ல ஒரு ரவை இன்னும் இருக்கு."

"நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு நான் எதிர்பார்க்கல."

"நானும்தான் சார். மெயில் போடுங்க. மெயில் வந்தா நான் துப்பாக்கிய எடுக்குகேன். இல்லன்னா பெட்டி அந்த அலமாரியிலேயே இருக்கட்டும்."

பெட்டியை அலமாரியில் வைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டார். சீதாராமன் போகிற காலடிச் சத்தம் கேட்கிற வரை திரும்பவில்லை. அன்று முழுவதும் எந்த மெயிலும் வரவில்லை. மறுநாளும் இல்லை. விசா புதுப்பிக்க ஐந்து மாதம் இருக்கிறது என்று இடையில் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தார். சுபிஷாவிடம் சொன்னபோது, அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஷூவின் கயிற்றைக் கட்டியபடியே, "பெட்டி அலமாரியில இருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆவாது," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. நேசையனுக்கு, நகல் அர்பாபுக்கு. அவர் கேட்ட இரண்டும் அதில் இருந்தன. அவர் பெயரில் இரண்டு எழுத்துப் பிழையும் இருந்தது. அவர் அதைத் திருத்தச் சொல்லவில்லை. அச்சடித்து எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாம்பு வரைய பழுப்புக் காகிதம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கக் கிடங்குக்குப் போனார்.